ஏழு சிசி

1. அளவில்லாத மேல்சட்டை

முதல் நாள் எனக்குக் கொடுத்த மேல்சட்டை யாரோ பெரிய ஆணுக்குத் தைத்தது. முழங்கால் வரை தொங்கியது. முதுகில் ‘பரிசோதகர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு கார்களுக்கு நடுவே போய் நின்றேன்.

அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ரோட்டில் எங்கள் பக்கத்து மோட்டார் கிளப் வருடத்துக்கு ஒரு தடவை ஹில் கிளைம்ப் நடத்தும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கீழே தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான கொழுந்து மடுவத்தில் கிளம்பி மேலே ஃபெக்டரி வாசல் வரை ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறியவர் வென்றவர். இன்ஜினின் அளவைப் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. ஆகச் சின்னப் பிரிவு 660 சிசி வரை. ஆகப் பெரியது ஓப்பன் கிளாஸ். அதற்கு எல்லையே இல்லை. எந்தப் பிரிவு என்று பார்க்காமல் எல்லாரிலும் வேகமாக ஏறியவருக்குப் பெரிய கோப்பை.

கிளப்பின் செயலாளர் ஜயவீர ஐயா, பஸ் டிப்போவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைத் தங்கச்சி முறையில் நங்கி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் பண்டாரவளையில் நான் வேலை செய்கிற லேத்துக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னார்.

“நங்கி, எங்களுக்கு அளக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும். கராஜ்காரங்க யாரையும் போட ஏலாது. ஒவ்வொருத்தனும் ஏதாவது ஒரு காரோட ஆள்.”

“எனக்குக் கார் ஓட்டவே தெரியாதே ஐயா.”

“அதனாலதான் கேக்குறேன்.”

நான் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பதுளையில் மெஷினிஸ்ட் கோர்ஸ் படித்துவிட்டுப் பண்டாரவளைக்கு வேலைக்கு வந்தேன். அன்று முதல் இன்று வரை ஒரே லேத், ஒரே வேலை. இன்ஜின் பழசானால் சிலிண்டரின் உள்சுவர் தேயும். அதைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இதற்குப் பெயர் ரீபோர். லொறி, பஸ், த்ரீவீல், மரக்கறித் தோட்டத்துத் தண்ணி பம்ப் என்று எல்லா இன்ஜினும் எங்களிடம் வரும். தலைமுடி அளவு பிசகினாலும் இன்ஜின் புகை தள்ளும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். அதனால் என் கையில் எப்போதும் போர் கேஜ் இருக்கும். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கிற கருவி அது.

இப்போது பரிசோதகர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் அளக்க நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அளந்து முடித்த பிறகு நடந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

2. தையல் மெஷினும் லொறியும்

அந்தப் போட்டிக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் யோகநாதன். பண்டாரவளைச் சந்தையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறவர். அவருடைய கார் மூவாயிரம் சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் லேத்தின் தகரக் கதவு அதிரும். மற்றவர் பெனடிக்ட். அப்புத்தளையில் லேர்னர்ஸ் நடத்துகிறவர். பகலில் எல் போர்ட் மாட்டிய காரில் ஆட்களுக்கு ஓட்டப் பழக்குவார். பந்தயத்துக்கென்று தனியாக ஒரு குட்டிக் கார் வைத்திருந்தார். 660 சிசி, மூன்று சிலிண்டர், காற்றைத் திணித்து இழுவையைக் கூட்டுகிற ஒரு டர்போ.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாம் மச்சான், டேய்தான். எங்கள் லேத்துக்கு ஏதாவது வேலையாக வந்தால் வேலையை விட்டுவிட்டு இன்ஜின் சண்டையைத்தான் தொடங்குவார்கள்.

“ஸ்டெல்லாக்கா, இவன் தையல் மெஷினுக்கு நாலு சில்லு மாட்டி ஓட்டுறான். அத போய் பந்தயக் கார்ங்குறான்,” என்பார் யோகன்.

“இவனுது காரா? லொறிக்கா அது! முடக்குல திரும்பணும்னா மொத நாளே சொல்லி வைக்கணும்.”

“நேர் ரோட்டுல வா மச்சான், காட்டுறேன்.”

“ஊவாவுல எங்கடா நேர் ரோடு இருக்கு? இருந்தா காட்டு.”

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. பெரிய இன்ஜினுக்கு இழுவை எந்த நேரமும் கைவசம் இருக்கும். மிதித்த உடனே தள்ளும். ஆனால் அந்தப் பாரமான இரும்பு முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் காரின் மூக்கு வெளியே போகப் பார்க்கும். சின்ன இன்ஜினில் டர்போ சுற்றி வேகம் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் கார் இலேசு. பிரேக்கை லேட்டாகப் பிடிக்கலாம், வளைவுக்குள் வேகமாக நுழையலாம். அந்தத் தோட்டத்து ரோட்டின் கீழ்ப்பாதி முழுக்க முடக்குகள். மேல்பாதியில் ஃபெக்டரி வரை நல்ல நீளமான ஏற்றம். கீழே பெனடிக்ட் சம்பாதித்ததை மேலே யோகன் பிடுங்கிக்கொள்வார். வருடா வருடம் பெரிய கோப்பை யோகனுக்கோ, அவரைப் போல ஓப்பன் கிளாஸில் ஓடுகிற வேறு யாருக்கோதான் போனது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் யோகனுடைய கார் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. கிடைத்த பெற்றோல் அதற்கு வாயை நனைக்கக்கூடக் காணாது. பெனடிக்டின் கார் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெனடிக்ட் வந்து யோகனை ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்து ரோட்டுக்குப் போவார். யோகன் ஆள் உயரம். முழங்கால் தாடையில் இடிக்க முன்சீட்டில் மடங்கி உட்கார்ந்திருப்பார்.

“இவனுக்கு வளைவெல்லாம் மறந்துபோச்சுன்னா அப்பறம் நான் யார ஜெயிக்கிறது?” என்று பெனடிக்ட் என்னிடம் சொன்னார்.

3. தூறல்

நான் பரிசோதகராகி மூன்றாவது போட்டி. காலையிலேயே தூறல் பிடித்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் குடையோடும், கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் தலையில் போட்டுக்கொண்டும், ரோட்டுக்கு மேலே மலைச்சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பெண்கள் சிலர் கீழ்முடக்கில் கடலை அவித்து விற்றார்கள்.

யோகன் முதலில் ஏறினார். கீழ்ப்பாதியில் கவனமாகத்தான் போனார். மேலே நீளமான ஏற்றம் வந்ததும் வழக்கம்போல மிதித்தார். ஈர ரோட்டில் பின்சில்லு இரண்டும் இருந்த இடத்திலேயே சுழன்றன. கார் இடுப்பை ஒடித்துக்கொண்டு ஒரு பக்கமாகப் போனது. பிடித்து நிமிர்த்தி ஏறிவிட்டார். ஆனால் நேரம் போய்விட்டது.

பெனடிக்டின் காருக்குப் பாரமும் இல்லை, சுழற்றிவிடும் அளவுக்கு இழுவையும் இல்லை. ஈரத்தில் அதுவே அதற்கு வசதி. தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு சத்தம். முடக்குக்கு முடக்கு அந்தச் சத்தம் நிற்கவேயில்லை. மேலே ஃபெக்டரி வாசலில் நேரம் போர்டில் விழுந்தபோது மலையே கத்தியது. 660 சிசி கார் பெரிய கோப்பையை எடுத்தது அதுவரை நடந்ததில்லை.

யோகன் ஓடி வந்து பெனடிக்டைக் காரிலிருந்து இழுத்து அப்படியே தூக்கினார்.

“தையல் மெஷின் என்னத் தச்சுப் போட்டிருச்சுக்கா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். தோற்றவர் மாதிரியே இல்லை.

4. பிஸ்டனின் தலை

கிளப்பின் சட்டத்தில் ஒரு வரி உண்டு. பெரிய கோப்பை எடுக்கிற காரின் இன்ஜின் அது ஓடிய பிரிவின் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கோப்பையைக் கொடுக்க வேண்டும். அதுவரை வென்றது எல்லாம் ஓப்பன் கிளாஸ். எல்லையே இல்லாத பிரிவில் எதைப் பார்ப்பது? அதனால் அந்த வரியை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். நான் மறக்கவில்லை. என்னைக் கூப்பிட்டதே அதற்காகத்தானே.

ஜயவீர ஐயாவுக்குத் தயக்கம். “நங்கி, பெனடிக்ட் பொய் சொல்ற ஆள் இல்ல. விடுவோமே.”

யோகனும் வந்துவிட்டார். “ஏங்க, தோத்தவன் நான். நானே கேக்கல. வேற யாருக்கு வேணும்?”

“அப்ப எனக்கு எதுக்கு இந்தச் சட்டைய மாட்டிவிட்டீங்க?” என்று கேட்டேன்.

பெனடிக்ட் சிரித்துக்கொண்டே பொனட்டைத் திறந்தார். “தொறங்கக்கா. எனக்கென்ன பயம்?”

காரைக் கீழே இறக்கிக்கொண்டு வந்து, கொழுந்து மடுவத்தின் கூரைக்குள் தள்ளி ஹெட்டைக் கழற்றினோம். அது சிலிண்டர்களுக்கு மேலே இருக்கிற மூடி. கழற்றினால் பிஸ்டன்களின் தலை தெரியும். மூன்று பிஸ்டனும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து முதல் பிஸ்டனைத் துடைத்தேன். கரிக்குக் கீழே ஓர் இலக்கம் தெரிந்தது. 0.50.

“அது என்னா நம்பர்க்கா?” என்று பெனடிக்ட் குனிந்து பார்த்தார்.

என் கை நின்றுவிட்டது. அந்த இலக்கம் என்னவென்று அவருக்குத் தெரியாது என்பதை அந்தக் கேள்வியிலேயே தெரிந்துகொண்டேன். அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் என்று அர்த்தம். யாரோ, எப்போதோ, அந்த இன்ஜினை ரீபோர் செய்திருக்கிறார்கள்.

போர் கேஜை இறக்கினேன். 65 இருக்க வேண்டிய இடத்தில் 65.5. மூன்றிலும் அப்படித்தான். கணக்குப் போட்டால் 657 சிசி வர வேண்டிய இன்ஜின் 667 வந்தது. எல்லை 660. ஏழு சிசி கூட.

சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு சின்னப் படியில் நகம் தட்டியது. பிஸ்டன் ஓடி ஓடிச் சுவர் தேய்ந்தால்தான் அப்படிப் படி விழும். பல வருடம் தினமும் ரோட்டில் ஓடினால்தான் அந்த அளவுக்குத் தேயும். பெனடிக்ட் அந்த இன்ஜினைக் கொழும்பில் பழைய இன்ஜின் விற்கிற இடத்தில், கழற்றாத இன்ஜின் என்ற பேச்சை நம்பி வாங்கி இரண்டு வருடம்தான். அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே ஓட்டினார்.

“ஐயா, அளவு கூட. ஆனா இது பழைய ரீபோர். இவரு வாங்குறதுக்கு முந்தியே செஞ்சது. படி விழுந்திருக்கு பாருங்க,” என்றேன்.

ஜயவீர ஐயா விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு மைக்குக்குப் போனார். மைக்கில் அவர் சொன்னது இவ்வளவுதான்: அறுநூற்று அறுபத்தேழு சிசி, முடிவு ரத்து. சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. சட்டப்படி அவர் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான்.

யோகன் சண்டைக்குப் போனார். “ஏழு சிசிங்க! புள்ளைக்குக் காய்ச்சல் மருந்து குடுக்குற மூடிக்குக்கூட காணாது! சரி, சின்னப் பிரிவுல வேணாம், மேல் பிரிவுல போடுங்க. ஏறுன நேரம் மாறாதில்ல?”

“பதிஞ்ச பிரிவு பிழைன்னா முடிவு இல்ல யோகன். எவ்வளவு கூடன்னு சட்டத்தில இல்ல,” என்றார் ஜயவீர ஐயா.

கோப்பை யோகனுக்கு என்று அறிவித்தார்கள். யோகன் மேடைப் பக்கமே போகவில்லை. அந்த வருடம் கோப்பையில் யாருடைய பெயரும் பொறிக்கப்படவில்லை.

கழற்றிய போல்ட்டுகளை பெனடிக்ட் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பால்மா டின்னில் போட்டார். ஹெட்டைச் சாக்கில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தார். இன்ஜின் திறந்து கிடந்ததால் காரை ஓட்டிப் போக முடியாது. யோகன் தன் காரைப் பின்னுக்கு எடுத்துக் கயிறு கட்டினார். பெரிய இன்ஜின் சின்ன இன்ஜினைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். இழுத்தவர் சிரிக்கவில்லை.

5. கண்ணாடியில் எழுதியது

லேர்னர்ஸ் நடத்துவது நம்பிக்கையை வைத்து நடக்கிற தொழில். பொம்பளைப் பிள்ளைகளைக் காரில் தனியாக அனுப்புகிற பெற்றோர், ஆளைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பெனடிக்டிடம் அப்படித்தான் அனுப்பினார்கள். போட்டிக்குப் பிறகு பேச்சு மாறியது. பஸ் ஸ்டாண்டிலும் சலூனிலும் ஒரே கதை.

“தெரியாம இருக்குமா? தொழிலே அதுதானே அவருக்கு.”

நான் கேட்ட இடத்திலெல்லாம் படி விழுந்த கதையைச் சொன்னேன். சிலிண்டர், தேய்மானம், பழைய ரீபோர் என்று நான் தொடங்கினாலே ஆட்களுக்குக் கண் சொருகிவிடும். “அக்கா பாவம் பாத்துப் பேசுறாங்க,” என்று முடித்துவிடுவார்கள். 667 என்பது மூன்று இலக்கம். சொல்லச் சுலபம். என்னுடைய விளக்கம் நீளம்.

ஒருநாள் அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருடைய எல் போர்ட் கார் நின்றது. மிஸ்ட் இறங்கிப் பின்கண்ணாடி வெளுத்திருந்தது. அதில் யாரோ விரலால் 667 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். பெனடிக்ட் தேநீர்க் கடையிலிருந்து வந்தார். பார்த்தார். சட்டைக் கையால் துடைத்தார். எதிர்ப்பக்கம் நின்ற என்னையும் பார்த்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

முன்பெல்லாம் பண்டாரவளைக்கு வந்தால் எங்கள் லேத்தைத் தாண்டும்போது ஒரு தடவை ஹோர்ன் அடிப்பார். அது நின்றது. லேர்னர்ஸ் காரில் வந்த ஒரு வேலையையும் பதுளையில் வேறு லேத்துக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது நினைவுக்கு வரும். நான் செய்ததில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி அதே நாள் வந்தாலும் அதே அளவைத்தான் சொல்வேன். அப்படியிருந்தும் மனசு ஆறவில்லை.

6. லீக்ஸ் மூட்டைக்கு நடுவே ஒரு புளொக்

சில மாதம் கழித்து யோகனுடைய லொறி லேத்து வாசலில் வந்து நின்றது. லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்தி ஒரு இன்ஜின் புளொக் இருந்தது. சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு உடம்பைத்தான் புளொக் என்போம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

“காரையே விக்கப் போறேங்குறான்க்கா. இன்ஜினக் கழட்டி கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல போட்டு வச்சிருந்தான்.”

“அவர்ட்ட கேட்டுட்டா எடுத்தீங்க?”

“எடுக்குறேன்டான்னு சொன்னேன். பதில் சொல்லல. பதில் சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்?”

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து புளொக்கை இறக்கினோம். யோகனுக்கு வேண்டியது என்னவென்று கேட்காமலே தெரிந்தது. பெரிதாகிவிட்ட சிலிண்டரைத் திரும்பச் சின்னதாக்க ஒரே வழிதான் உண்டு. இன்னும் கடைந்து, அதற்குள் இரும்புக் குழாய் மாதிரி ஒரு ஸ்லீவை இறுக்கமாக இறக்கி, அதன் உள்பக்கத்தைப் பழைய அளவுக்குக் கடைய வேண்டும். ஸ்டாண்டர்ட் பிஸ்டன்களும் ஸ்லீவுகளும் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் மறுபடியும் அந்தப் படியைக் காட்டினேன். “இங்க தடவிப் பாருங்க யோகன். இது அவரு செஞ்சதில்லன்னு இதுலயே தெரியும்.”

யோகன் கையை நீட்டவேயில்லை. “அதெல்லாம் எனக்கு வேணாம்க்கா. இந்த இரும்பப் பாத்தா நான் அவனத் தெரிஞ்சுக்கணும்?”

ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்.

“நல்லா செஞ்சு குடுங்க. அவன் தோக்குறதுன்னா என்கிட்டத் தோக்கணும். ஒங்க கேஜ்கிட்ட இல்ல.”

அந்த வேலையை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. மெஷினில் கட்டியது, கடைந்தது, ஸ்லீவ் இறக்கியது, கடைசியில் கல்லால் தேய்த்து மெருகேற்றியது எல்லாம் நானே. இன்ஜினை மூடுவதற்கு முன்னால் ஜயவீர ஐயாவைக் கூப்பிட்டேன். நான் செய்த வேலையை நானே அளக்கக் கூடாதென்று, கிளப்பிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து அளந்து பார்த்து, 657 என்று உறுதி செய்து, மூடியதும் திறந்தால் தெரிகிற மாதிரி சீல் வைத்துவிட்டுப் போனார். யோகன் வந்து ஏற்றிக்கொண்டு போனார். பெனடிக்டிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

7. காய்ந்த ரோடு

அடுத்த போட்டிக்கு பெனடிக்ட் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தார். காரைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். நான் சீலைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன். சரி என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே காரைத் தள்ளிக்கொண்டு போனார்.

வரிசையில் நிற்கும்போது மலைச்சரிவிலிருந்து எவனோ ஒருவன் “667!” என்று கத்தினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். யோகன் ஹெல்மெட்டைக் கழற்றி அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

அன்று வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. பெனடிக்ட் கீழ்ப்பாதியில் ஏறியதைப் போல ஒரு ஏற்றத்தை நான் பார்த்ததில்லை. மேலே ஏறிய நேரமும் நல்ல நேரம். ஆனால் காய்ந்த ரோட்டில் யோகனுடைய பின்சில்லு வழுக்கவில்லை. அந்த நீளமான ஏற்றத்தில் மூவாயிரம் சிசியும் முழுசாக ரோட்டில் இறங்கியது. அரை செக்கனுக்கும் குறைவான வித்தியாசத்தில் யோகன் வென்றார்.

பெனடிக்ட் போய்க் கை கொடுத்தார். ஆட்கள் மேடைப் பக்கம் நகர்ந்தார்கள். யோகன் மட்டும் மேடைக்குப் போகவில்லை. காரைத் திருப்பிக் கீழே இறக்கிக்கொண்டு வந்து கொழுந்து மடுவத்துக் கூரைக்குள் நிறுத்தினார். பொனட்டைத் திறந்தார்.

“ஸ்டெல்லாக்கா, வாங்க. தொறங்க.”

எனக்கு விளங்கவில்லை. “எதத் தொறக்க?”

“ஹெட்டக் கழட்டுங்க. அளங்க.”

“ஒங்களுது ஓப்பன் கிளாஸ் யோகன். அதுக்கு அளவே கெடையாது.”

“ஜெயிச்ச காரத் தொறந்து பாக்கணும்னு சட்டம் இருக்குதானே?”

ஜயவீர ஐயா ஓடி வந்தார். “யோகன், ஆறு சிலிண்டர். கழட்டிப் பூட்ட சாயந்தரம் ஆகிடும். ஒண்ணும் பாக்கிறதுக்கில்ல.”

“ஆகட்டும் சேர். நான் எங்கயும் போகல.”

பெனடிக்டும் வந்துவிட்டார். “டேய் கிறுக்கா, என்னா செய்ற? போய்க் கப்ப வாங்குடா.”

யோகன் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார். “ஒனக்குத் தொறந்தாங்கல்ல? அப்ப எனக்கும் தொறக்கட்டும்.”

ஹெட்டைக் கழற்றினால், அதற்கும் புளொக்குக்கும் நடுவே வைக்கிற பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட முடியாது, புதிதாக வேண்டும் என்று சொன்னேன். அவர் டிக்கியைத் திறந்தார். உறை பிரிக்காத கேஸ்கட் செட் ஒன்று உள்ளே இருந்தது. அந்தக் காரின் கேஸ்கட் பண்டாரவளையில் கிடைக்காது, கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆக, போட்டிக்கு முன்பே யோசித்து, வென்றால் திறப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

நான் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன்.

மேடைக்குப் போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மடுவத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. எல்லை இல்லாத இன்ஜினை எதற்குக் கழற்றுகிறார்கள் என்று முதலில் ஒருவரையொருவர் கேட்டார்கள். விளங்கியவர் விளங்காதவருக்குச் சொன்னார். பிறகு சத்தம் குறைந்தது. “667” என்று கத்தியவனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பான். என்ன நினைத்தானோ தெரியாது.

புகை வெளியே போகிற குழாயான மேனிஃபோல்ட்டின் அடியில் ஒரு நட்டு எனக்குப் பிடிபடவில்லை. கையை உள்ளே விட்டால் முழங்கை தட்டுகிறது. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தேன். அப்போது பக்கத்தில் ஆள் நிழல் விழுந்தது.

“தள்ளுங்கக்கா. அது ஒங்களுக்கு எட்டாது.”

பெனடிக்ட். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. நான் விலகி ஸ்பேனரைக் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே தேடிக் கழற்றினார். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேருமாகத்தான் வேலை செய்தோம். லயத்திலிருந்து யாரோ ஒரு அம்மா பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். பெனடிக்ட் வாங்கி முதலில் என் கையில் தந்தார்.

ஆறு சிலிண்டரையும் துடைத்து அளந்தேன். ஆறும் 86. பிஸ்டனில் இலக்கம் எதுவும் இல்லை. யாரும் கை வைக்காத இன்ஜின். ஜயவீர ஐயா மைக்கை என்னிடமே நீட்டினார். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன்.

“இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழு சிசி. சரி.”

“அடேய், மூவாயிரம் மூவாயிரம்னு இத்தன வருஷமா பொய் சொன்னியா? மூணு சிசி கொறையுதே!” என்று பெனடிக்ட் கத்தினார்.

கூட்டம் சிரித்தது. யோகனும் சிரித்தார். போன வருடத்துச் சிரிப்பு வேறு, இது வேறு. யோகன் அப்போதுதான் மேடைக்குப் போய்க் கோப்பையை வாங்கினார். கையெல்லாம் கிரீஸ்.

8. இன்றைக்கு

சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஈரத்தில் ஒருவர், காய்ந்தால் மற்றவர். போட்டி நெருங்கினால் பெனடிக்ட் மழை வரக் கேட்டு மெழுகுதிரி கொளுத்துகிறார் என்று யோகன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். லேர்னர்ஸுக்குப் பிள்ளைகள் திரும்ப வரத் தொடங்கினார்கள். உடனே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

கிளப் கூட்டத்தில் நான் ஒன்று கேட்டேன். ஜயவீர ஐயா ஒத்துக்கொண்டார். வென்ற கார் எந்தப் பிரிவானாலும், எல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்போது ஹெட்டைக் கழற்றியே தீருவோம். வென்றவர் புது கேஸ்கட் கொண்டுவர வேண்டும். புதிதாகப் பரிசோதகராக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: “மிஸ், ஓப்பன் கிளாஸ்ல அளந்து என்னா ஆகப் போகுது? சும்மா நேரம் வீண்தானே?”

நேரம் போவது உண்மைதான். நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். அந்த முதல் தடவை என் கேஜ் பிழை சொல்லவில்லை. நானும் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அப்படியிருந்தும் ஒரு மனுஷன் ஒரு வருடம் தலை குனிந்து நடந்தார். ஏனென்றால் அன்று அவருடைய இன்ஜினை மட்டும்தான் திறந்தோம். எல்லாருடையதையும் திறந்தால் அதற்குப் பெயர் சோதனை. ஒருவருடையதை மட்டும் திறந்தால் அது சந்தேகம்.